டிஆர்பிடி: இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் பதிவு

ஒரு சர்வரில் எழுதும் தரவு தொலைவில் உள்ள இன்னொன்றிலும் உடனுக்குடன் பதிவாக வேண்டுமா? நான் எடுப்பது டிஆர்பிடி (DRBD) என்ற மென்பொருள்; ஒரு சர்வரின் டிஸ்கில் எழுதுவதை நெட்வொர்க் வழியே இன்னொன்றின் டிஸ்கிலும் எழுதும். 2010-இல் வெளியான 2.6.33 பதிப்பிலிருந்து லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. விலை உயர்ந்த ஸ்டோரேஜ் பெட்டி தேவையில்லை.

இரு பக்கமும் ஒரே அளவில் காலி டிஸ்க் ஒன்றை ஒதுக்குங்கள். கான்ஃபிக் கோப்பு இரண்டிலும் ஒன்றே. அதில் தரும் சர்வர் பெயர், 'யுனேம் -என்' (uname -n) கட்டளை காட்டும் பெயரேதான்.

அதே கோப்பில் புரோட்டோகால் (ஒரு பதிவு எப்போது முடிந்ததாகக் கொள்வது என்ற விதி) 'சி' என்று எழுதுங்கள். 'ஏ'யில் தரவு நம் டிஸ்கில் பதிந்து, அனுப்பும் பஃபரில் (அனுப்பக் காத்திருக்கும் மெமரியில்) விழுந்தாலே வேலை முடிந்ததாகக் கணக்கு. 'பி'யில் எதிர்ப்பக்க மெமரியை எட்ட வேண்டும். 'சி'யில் மட்டுமே எதிர்ப்பக்க டிஸ்கில் பதிந்த பிறகு பதில் வரும். இதற்கு விலை உண்டு: ஃபைபரில் 100 கிலோமீட்டர் போய்வர ஒளிக்கே 1 மில்லிவினாடி ஆகும். ஒன்றன்பின் ஒன்றாக எழுதும் டேட்டாபேஸ் வினாடிக்கு 1000 பதிவுகளைத் தாண்டாது.

அடுத்து இரு பக்கமும் டிஆர்பிடியின் 'drbdadm' கட்டளையில் 'கிரியேட்-எம்டி' (அதன் குறிப்புப் பகுதியை உருவாக்க), 'அப்' (இயக்க). பிறகு ஒரே ஒரு பக்கத்தில் 'பிரைமரி --ஃபோர்ஸ்'; அதுவே எழுதும் பக்கம், அதாவது பிரைமரி. அங்கிருப்பதுதான் மறுபக்கத்தின்மேல் எழுதப்படும்.

இனி நான் மாட்டிய இடம். இணைப்பு அறுந்தால் 'சி' எழுதுவதையே நிறுத்திவிடும் என்று நம்பியிருந்தேன். நிறுத்தாது. பிரைமரி தனியாகத் தொடரும்; மாறிய பிளாக்குகளை (டிஸ்கின் சிறு துண்டுகளை) மட்டும் குறித்துவைக்கும். அது தெரியாமல் மறுபக்கத்தையும் பிரைமரி ஆக்கினேன். லைன் திரும்பியபோது இரண்டும் 'ஸ்டேண்ட்அலோன்', அதாவது ஒன்றோடொன்று இணையாமல் தனித்தனியே நின்றன. இதுதான் ஸ்ப்ளிட் பிரெயின். இரு பக்கமும் வெவ்வேறு புதிய பதிவுகள். ஒன்றை இழந்தே ஆகவேண்டும். நான் அவசரத்தில் தவறான பக்கத்தைக் கைவிட்டேன், அன்றைய பதிவுகள் போயின.

நீங்கள் முதலில் கைவிடப்போகும் பக்கத்தை நகலெடுங்கள். பிறகு அதை அன்மவுண்ட் செய்து (பயன்பாட்டிலிருந்து கழற்றி) 'செகண்டரி' (நகல் வாங்கும் பக்கம்) ஆக்கி, 'கனெக்ட் --டிஸ்கார்ட்-மை-டேட்டா' கொடுங்கள். மறுபக்கத்தில் வெறும் 'கனெக்ட்'.

இது வராமலிருக்க, டிஆர்பிடி 9-இல் மூன்றாவது சர்வர் ஒன்றைச் சேர்த்து 'கோரம் மெஜாரிட்டி' (பெரும்பான்மை சர்வர்களோடு தொடர்பு இருந்தால்தான் எழுதலாம் என்ற விதி) வையுங்கள். அதற்கு டிஸ்க்கூட வேண்டாம். தனித்துப்போன பக்கம் எழுதுவதை நிறுத்திவிடும். இது இல்லாமல் இரண்டு ஊருக்கு நடுவே இதை ஓட்டாதீர்கள்.

பிற்சேர்க்கை: 'மவுண்ட் ஆகவில்லை' என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மவுண்ட் செய்யவேண்டியது அடியிலுள்ள டிஸ்கை அல்ல, அதன்மேல் டிஆர்பிடி காட்டும் 'டிஆர்பிடி0' (drbd0) என்ற டிஸ்கை. அதுவும் பிரைமரி பக்கத்தில் மட்டும். செகண்டரியில் 'ராங் மீடியம் டைப்' என்று வந்தால் டிஸ்க் கெட்டுவிட்டதாகப் பயப்பட வேண்டாம்.