கடைசி அத்தியாயத்துக்கு ஒரு ரப்பர் பேண்ட் போடுங்க

ஓலெவல் பரீட்ச எழுதுற 15, 16 வயசு புள்ளைங்களுக்கு துப்பறியும் கதை குடுக்குறதா இருந்தா எடுத்ததும் பெரிய நாவல் வேணாம், ஷெர்லாக் ஹோம்ஸ்ல 4 நாவல் 56 சிறுகதை இருக்கு, சிறுகதையில தொடங்குங்க, நுவரெலியா மழையில கரண்ட் போறதுக்குள்ள ஒன்னு முடிஞ்சிரும். எங்க அக்கா மகன் மொத கடைசி பக்கத்த பாத்துட்டு "அட இவன்தானா"ன்னு மூடி வச்சிருவான், அதான் நாவல் குடுக்கும்போது கடைசி அத்தியாயத்த சேத்து ரப்பர் பேண்ட் போட்டுட்டேன். பாதி வாசிச்சதும் கொப்பியில எழுதச் சொல்லுங்க, யார் மேல சந்தேகம், ஏன், எந்த சாமான் ரெண்டு தடவ வந்திச்சுன்னு. குடையோ கடிகாரமோ திரும்ப வந்தா சும்மா வராது, சிலநேரம் நம்மள ஏமாத்தவும் வரும். லைப்ரரி பொத்தகத்துல மட்டும் எழுத விடாதீங்க, நா எடுத்த ஒன்னுல 12ம் பக்கத்துலயே யாரோ கொலகாரன் பேர வட்டம் போட்டு வச்சிருந்தாங்க, வந்திச்சு பாருங்க கோவம்!