கோவில் கதவு பூட்டியிருக்கும்போது சபையை எப்படிக் கூட்டுவது?

2020 மார்ச் 22 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொரோனாவுக்காக அறிவித்த மக்கள் ஊரடங்கு என்பதால் அன்றைக்கு எங்கள் கோவிலில் மணி அடிக்கவில்லை. ஒரு வாரம்தானே என்று நினைத்தோம். மூன்றே நாளில் நாடு முழுக்க அடைத்துவிட்டார்கள். குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி, ஈஸ்டர் எல்லாம் வீட்டுக்குள்ளேயே கழிந்தன. தமிழ்நாட்டில் எல்லா வழிபாட்டுத் தலங்களும் திறக்க செப்டம்பர் 1 ஆகிவிட்டது. திருநெல்வேலிப் பக்கத்தில் நடுத்தர அளவுள்ள ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையின் கமிட்டியில் இருந்துகொண்டு அந்த மாதங்களிலும் இரண்டாம் அலையிலும் நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொரோனாதான் போய்விட்டதே, இப்போது எதற்கு என்று தோன்றலாம். அடுத்த தொற்று வந்த பிறகு யோசிக்க நேரம் கிடைக்காது, எங்களுக்குக் கிடைக்கவில்லை.

முதலில் சபைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். நாங்கள் இதைச் செய்யாமல் கேமராவும் டிரைபாடும் தேடி ஓடினோம். மூன்று வாரம் நேரலை நன்றாகத்தான் போனது. நான்காவது வாரம்தான் தெரிந்தது, மேலத்தெருவில் தனியாக இருக்கும் ஒரு ஆச்சி ஞாயிறு தவறாமல் காலையில் வெள்ளைச் சேலை கட்டி, வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது வருவார்களா என்று வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் இருந்தது பட்டன் போன். அதில் ஒருவரும் அழைக்கவில்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அதனால் ஒவ்வொரு குடும்பத்தின் பெயருக்கு எதிரிலும் சில விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: தனியாக இருப்பவர் யார், வீட்டில் என்ன போன், அந்தப் போன் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்குப் போய்விடுகிறதா, சர்க்கரை, டயாலிசிஸ் என்று தொடர் சிகிச்சையில் யார் இருக்கிறார்கள், பீடி சுற்றியோ தினக்கூலிக்குப் போயோ பிழைப்பவர் யார். அப்புறம் எட்டுப் பத்து குடும்பத்துக்கு ஒரு ஆளை நியமியுங்கள். அவர் கமிட்டி மெம்பராக இருக்க வேண்டும் என்பதில்லை, பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் வாலிபர் ஐக்கியத்திலும் இதற்கென்றே பிறந்தவர்கள் இருப்பார்கள். வாரத்துக்கு இரண்டு முறை போன் பண்ண வேண்டும், "ஆராதனை பாத்தீங்களா?" என்று கேட்பதற்கு முன்னால் "சாப்பிட்டீங்களா, மாத்திரை இருக்கா?" என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். இதற்கு மேல் நீங்கள் செய்கிற எல்லாம் இந்தப் பட்டியலின் மேல்தான் நிற்கும்.

பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு நாங்கள் கண்டுபிடித்த வழி மிகச் சாதாரணமானது. கான்ஃபரன்ஸ் போட்டால் நான்கைந்து பேரை ஒரே அழைப்பில் சேர்த்துவிடலாம். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், ஜெபம், இருபது நிமிடம். ஒரே நாளில் இப்படி மூன்று அழைப்பு போட்டால் பதினைந்து முதியவர்கள் சபையோடு சேர்ந்துவிடுவார்கள். செலவு ஒன்றும் இல்லை.

நேரலைக்கு நல்ல போன் ஒன்றும் சட்டையில் குத்துகிற சின்ன மைக்கும் போதும். படம் மங்கலாக இருந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், சத்தம் கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். இரண்டு மணி நேர ஆராதனையை அப்படியே திரையில் காட்டாமல் நாற்பது நிமிடத்துக்குள் முடியுங்கள், ஆனால் வழக்கமான நேரத்திலேயே தொடங்குங்கள். ஜூமில் கூடினால் எல்லோரும் சேர்ந்து பாட முயலாதீர்கள், ஆளாளுக்கு ஒரு நொடி பிந்தி வந்து பாட்டு சிதறிப்போகும். ஒரு வீட்டார் மட்டும் பாட, மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டு வீட்டில் கூடவே பாடட்டும். வாசிப்பையும் ஜெபத்தையும் வாரம் ஒரு வீட்டுக்குக் கொடுங்கள். குருவானவர் ஒருவரையே பார்த்துக்கொண்டிருப்பதை விட, பக்கத்துப் பெஞ்சில் உட்கார்கிற அண்ணன் தன் வீட்டுச் சுவர் பின்னால் தெரிய சங்கீதம் வாசிப்பதைப் பார்க்கும்போதுதான் சபை கூடியிருக்கிறது என்ற நினைவே வரும்.

சரி, திறக்க அனுமதி வந்துவிட்டது. நாங்கள் கை கழுவுவதற்கும் பெஞ்சைத் துடைப்பதற்கும் செலவழித்த உழைப்பில் பாதியைக் காற்றுக்குக் கொடுத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காஜிட் பகுதியில் ஒரு பாடகர் குழு 2020 மார்ச் 10 அன்று இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர், அதில் ஒருவருக்குத்தான் சளி மாதிரி அறிகுறி இருந்தது. கடைசியில் உறுதியானதும் சந்தேகத்துக்குரியதும் சேர்த்து 53 பேருக்கு நோய் வந்து, இரண்டு பேர் இறந்தார்கள். மூடிய அறையில், நெருக்கமாக நின்று, மூச்சை இழுத்து நீண்ட நேரம் பாடினால் என்ன ஆகும் என்பதற்கு இது போதும். மத்திய சுகாதார அமைச்சகமும் 2020 ஜூனில் தந்த நெறிமுறையில் பாடகர் குழு வேண்டாம், பதிவு செய்த பாட்டைப் போடலாம் என்றே சொல்லியிருந்தது. பாட்டு இல்லாத ஆராதனை வலிக்கத்தான் செய்யும், பாடகர் குழுவில் இருபது வருஷம் நின்றவர்கள் அழுததை நான் பார்த்தேன், ஆனாலும் தொற்று கூடியிருக்கும் வாரங்களில் இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நம் பழைய கோவில்களுக்கு உயரமான கூரையும் பெரிய ஜன்னல்களும் உண்டு, அது நல்ல வாய்ப்பு. எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, ஒரு பக்கம் பெடஸ்டல் ஃபேனை வெளியே பார்த்து வைத்தால் உள்ளே இருக்கிற காற்று வெளியேறும். ஏ.சி. போட்டு அடைத்த கோவில் என்றால் ஏ.சி.யை மறந்துவிட்டுக் கதவைத் திறங்கள். இதை விட நல்லது வெளியே கூடுவது. சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்குப் பந்தல் போடுகிற இடத்தில் ஆராதனை நடத்த முடியாதா என்ன? வெயில் ஏறுமுன் ஆறரைக்கு ஆரம்பித்து ஏழேகாலுக்கு முடித்தோம். கூட்டம் அதிகமென்றால் இரண்டாகப் பிரித்து, எந்தக் குடும்பம் எந்த ஆராதனை என்று முதல் நாளே போனில் சொல்லிவிடுங்கள், வாசலில் வைத்து யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது.

அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் திருவிருந்துதான் கஷ்டமான விஷயம். ஒரே பாத்திரத்தில் குடித்துப் பழகிய சபைக்கு வேறு எதுவும் முழுமையாகத் தோன்றாது. இதைக் கமிட்டியில் ஓட்டெடுப்பு வைத்து முடிவு செய்யாதீர்கள், பேராயரும் குருவானவரும் சொல்லட்டும். தனித்தனிச் சின்னக் கிண்ணம் ஒரு வழி. அப்பம் மட்டும் வாங்குவது இன்னொரு வழி. இங்கிலாந்து திருச்சபை 2020 மார்ச்சில் பொதுப் பாத்திரத்தை நிறுத்தியபோது, அவசியம் நேர்ந்தால் தவிர அப்பம், ரசம் இரண்டும் கொடுக்கப்பட வேண்டும் என்று 1547-லேயே எழுதப்பட்ட சட்டத்தைத்தான் எடுத்துக்காட்டியது. மனசு உறுத்தும் பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள், ஆறுதலாக இருக்கும். பீடத்தண்டை வரிசையில் வரவிடாமல் இருந்த இடத்திலேயே கொண்டுபோய்க் கொடுங்கள்.

காணிக்கைக்குக் கியூஆர் கோடு ஒட்டுங்கள், வாசலில் ஒரு பெட்டியும் வையுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்று வாசிக்கும் வழக்கம் இருந்தால் அந்தக் காலத்தில் தயவுசெய்து நிறுத்துங்கள், வேலை போன வீடுகள் அதைக் கேட்டுக் கூனிப்போகும். சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்துச் சேர்க்கும் பிடியரிசிக் காணிக்கையை எங்கள் பெண்கள் அப்படியே இதற்குத் திருப்பிவிட்டார்கள். சேர்ந்த அரிசியை இரண்டிரண்டு கிலோவாகக் கட்டி, இருட்டிய பிறகு தேவைப்பட்ட வீடுகளில் வைத்துவிட்டு வந்தார்கள். யாருக்கு என்று அந்தப் பட்டியல்தான் சொன்னது.

அடக்க ஆராதனைக்கு முன்கூட்டியே ஆயத்தமாக இருங்கள். 2020-இல் இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று இருந்தது. அந்த ஏப்ரலில் சென்னையில் ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கும்பல் கல்லெறிந்ததை யாரும் மறக்க மாட்டோம். கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்களிடம் சாவு விழுமுன்னே போய்ப் பேசிவிடுங்கள், கூடவே சுகாதார ஆய்வாளரையும் அழைத்துச் செல்லுங்கள். பாதுகாப்பு உடையோடு குழியருகே நிற்க நான்கு பேர் தயாராக இருக்கட்டும். வர முடியாத பிள்ளைகளுக்காக ஒருவர் போனில் வீடியோ காட்டட்டும், நாற்பதாம் நாளோ ஓராண்டோ ஆன பிறகு நினைவு ஆராதனையைக் கோவிலில் முறையாக நடத்துங்கள். கொடுக்க முடியாமல் போன மரியாதை அந்த வீட்டில் கனமாகக் கிடக்கும்.

அரசு உத்தரவு அடிக்கடி மாறும். 2021 ஆகஸ்டிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் கோவிலுக்குள் போக முடியாது என்று இருந்தது. நாங்கள் வியாழன் மாலைக்கு மாற்றிக்கொண்டோம். உத்தரவைப் படித்து எளிய தமிழில் இரண்டு வரியாகச் சபைக்குச் சொல்லும் பொறுப்பை ஒரே ஒருவரிடம் கொடுங்கள், நான்கு பேர் நான்கு விதமாக வாட்ஸாப்பில் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

எல்லாம் திறந்த பிறகும் கொஞ்சம் பேர் திரும்பி வர மாட்டார்கள். சிலருக்குப் பயம், சிலருக்கு முழங்கால், சிலர் வீட்டில் சாவு நடந்த பிறகு கோவிலுக்குள் நுழைய மனசு வரவில்லை. அவர்களை மேடையிலிருந்து கடிந்து பேசாமல் போய்ப் பாருங்கள். போன் அழைப்பையும் நிறுத்திவிடாதீர்கள். மேலத்தெரு ஆச்சி இப்போது கோவிலுக்கு வருகிறார்கள், ஆனாலும் வியாழக்கிழமை ஏழு மணி அழைப்பில் முதல் பாட்டு அவர்களுடையதுதான்.