சந்தாவை நிறுத்துவது எப்படி: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஊரில் இருந்தபோது கார்டில் ஏதாவது மாதச் சந்தா கட்டியிருந்தால், பணம் எடுப்பதற்கு ஒரு நாள் முன்பே குறுஞ்செய்தி வந்திருக்கும். 2021 அக்டோபரிலிருந்து இந்திய ரிசர்வ் வங்கியின் விதி அது. 15,000 ரூபாய்க்கு மேல் போனால், பெரும்பாலான சந்தாக்களுக்கு ஓடிபி இல்லாமல் பணம் நகராது. அந்தப் பழக்கத்தோடுதான் இங்கே வந்து இறங்குகிறோம். சிங்கப்பூரில் நடைமுறை வேறு. முதல் முறை கார்டு எண்ணைப் பதியும்போது வங்கிச் செயலி ஒப்புதல் கேட்கலாம். அதற்குப் பிறகு மாதாமாதம் போகும் பணத்துக்கு உங்களை யாரும் கேட்க மாட்டார்கள்.

நான் வந்த முதல் வருடம், ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்காக ஒரு செயலியை ஏழு நாள் இலவசம் என்று போட்டுப் பார்த்தேன். பிடிக்கவில்லை, அழித்துவிட்டேன். செயலி போனால் சந்தாவும் போய்விடும் என்று நம்பினேன். மாதம் 14.98 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஏழு மாதம் போயிருக்கிறது. ஊருக்கு அனுப்பும் பணம் ஏன் குறைகிறது என்று கணக்குப் பார்த்த இரவில்தான் தெரிந்தது. புதிதாக வருகிற தம்பி தங்கைகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: செயலியை அழிப்பது வேறு, சந்தாவை நிறுத்துவது வேறு.

ஐபோன் வழியாக எடுத்த சந்தா என்றால் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டு, சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பகுதிக்குள் போய் நிறுத்த வேண்டும். ஆண்ட்ராய்டில் கூகுள் பிளே கணக்குக்குள் அதே பகுதி இருக்கிறது. இலவசக் காலம் முடியும் நாள்வரை காத்திருக்காதீர்கள். ஆப்பிள் குறைந்தது 24 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்கிறது. நிறுவனத்தின் இணையத்தளத்திலேயே நேரடியாகக் கட்டியிருந்தால் போனில் தேடிப் பயனில்லை, அந்தத் தளத்துக்குள் போய்த்தான் நிறுத்த முடியும். நிறுத்திய பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், உறுதி மின்னஞ்சலை அழிக்காதீர்கள். பின்னால் வங்கி கேட்கப்போவது அந்த இரண்டையும்தான்.

பலர் இதைச் செய்யாமல், கார்டையே மாற்றினால் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் தீராது. புதிய கார்டு எண்ணைக் கடைகளுக்குத் தானாகவே தெரிவிக்கும் சேவை விசாவிடமும் மாஸ்டர்கார்டிடமும் இருக்கிறது. கார்டு மாறினாலும் சந்தா பின்னாலேயே வரலாம். உடற்பயிற்சிக் கூடம், டியூஷன் போல ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட இடங்களில் இன்னும் சிக்கல்: பணத்தை நிறுத்தினாலும் ஒப்பந்தம் தொடரும். மீதி மாதங்களுக்கான தொகையைக் கேட்டுக் கடிதம் வரலாம். கையெழுத்துக்கு முன், இடையில் விலகினால் எவ்வளவு என்ற ஒரு வரியையாவது தேடிப் படியுங்கள். உங்கள் வேலை அனுமதி எத்தனை மாதம் என்று தெரியாத நிலையில் 24 மாத ஒப்பந்தம் போடாதீர்கள் என்று கையைப் பிடித்துச் சொல்வேன்.

ஜைரோ இதைவிட எளிது. மின்கட்டணம், காப்பீடு போன்றவற்றை வங்கிக் கணக்கிலிருந்து நேரே எடுக்கும் ஏற்பாடு அது. வங்கிச் செயலிக்குள் போனால் யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்ற பட்டியல் இருக்கும், அங்கேயே ரத்து செய்யலாம். எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் நின்று நன்கொடைப் படிவம் நீட்டும் பிள்ளைகளிடம் எழுதிக்கொடுத்ததும் பல நேரங்களில் மாதாந்தர ஜைரோ அல்லது கார்டு நன்கொடைதான். நல்ல காரியம்தான், மாதாமாதம் போகும் என்று தெரிந்து கொடுங்கள்.

ஐரோப்பாவில் இணையத்தில் வாங்கியதைப் பொதுவாக 14 நாளில் காரணம் சொல்லாமல் திருப்பலாம். இங்கே அப்படிப் பொதுவான உரிமை கிடையாது. அழைக்காமல் உங்கள் வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ வந்து விற்றவர்களிடம் போட்ட ஒப்பந்தத்தை ஐந்து வேலை நாளுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யலாம், அது தனி விதி. ஆனால் ஏமாற்றி விற்றால் சட்டம் உங்கள் பக்கம்தான். 2004இல் நடப்புக்கு வந்த பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டத்துக்கு நீங்கள் குடிமகனா, வேலை அனுமதியில் இருப்பவரா என்பது பொருட்டில்லை. 2020 நவம்பரில் நடப்புக்கு வந்த விலை வெளிப்படைத்தன்மை வழிகாட்டி, முன்கூட்டியே டிக் போட்ட கட்டங்களையும், பின்னால் கட்டணம் வரும் என்று தெளிவாகச் சொல்லாத ‘இலவச’ விளம்பரங்களையும் இந்தச் சட்டத்தை மீறக்கூடியவை என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

நிறுத்திய பிறகும் பணம் போனால் முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சல். பதில் இல்லையென்றால் கார்டின் பின்புறம் உள்ள எண்ணில் வங்கியை அழைத்து ‘டிஸ்பியூட்’ பதியச் சொல்லுங்கள். வங்கி பொதுவாக அந்தத் தொகை கணக்கில் பதிவான பிறகே புகாரை எடுத்துக்கொள்ளும். கார்டு நிறுவனங்களின் விதியில் பெரும்பாலும் 120 நாள் அவகாசம் உண்டு, வங்கியின் கெடு அதைவிடக் குறைவாக இருக்கலாம். அதனால் கண்ட அன்றே அழையுங்கள். வெளிநாட்டு நிறுவனம் என்றால் இதுதான் நடைமுறையில் வேலை செய்யும் வழி. வங்கியே சரியாகக் கவனிக்கவில்லை என்றால், வங்கிகள் மீதான புகார்களைத் தீர்த்துவைக்கும் ஃபிட்ரெக் (FIDReC) மையம் இருக்கிறது.

உள்ளூர் நிறுவனமாக இருந்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் (CASE) போகலாம். அதற்கும் மசியாதவர்களுக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரண்டு வருடத்துக்குள் பதிய வேண்டும், 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டுவது 10 வெள்ளி. வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை. ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, தாள்களைத் தேதி வரிசையில் வைத்துக்கொண்டு போங்கள்.

இன்னொன்று, இதைக் கவனமாகப் படியுங்கள். ‘உங்கள் இலவசக் காப்பீடு இன்றோடு முடிகிறது, ரத்து செய்யாவிட்டால் பணம் போகும்’ என்று தொலைபேசி வரும். ரத்து செய்வதற்காகக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும், பணத்தை மாற்ற வேண்டும் என்பார்கள். அது மோசடி. சந்தா பற்றி ஏற்கெனவே பயந்திருப்பவர்கள் அதில் எளிதாக விழலாம். போனை வைத்துவிட்டு மோசடி உதவி எண்ணான 1799ஐ அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

இன்றே செய்ய ஒரு வேலை: வங்கிச் செயலியில் கார்டு அறிவிப்புக்கான தொகை எவ்வளவு என்று பாருங்கள். அது பெரிய தொகையாக இருந்தால் 14.98 வெள்ளி சத்தமில்லாமல் போகும். செயலி அனுமதிக்கும் மிகக் குறைந்த தொகைக்கு இறக்கி வையுங்கள்.