பந்தைக் கீழே வையுங்கள்: பார்டர் கோலி வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

ஆடு மேய்க்கும் நாயினமான பார்டர் கோலியை வாங்கியவர்கள் எனக்குப் போன் செய்வது பெரும்பாலும் குட்டிக்கு எட்டு, ஒன்பது மாதம் ஆகும்போதுதான். அதுவரை எல்லாம் இனிக்கும். இரண்டே நாளில் 'உட்கார்' கற்றுக்கொண்டதை வீடியோ எடுத்து அனுப்புவார்கள். அப்புறம் ஒருநாள், "சார், எவ்வளவு ஓடவிட்டாலும் அடங்க மாட்டேங்குது" என்பார்கள். நானும் இதே வாக்கியத்தை ஒரு காலத்தில் வேறொருவரிடம் சொன்னவன்தான். அதனால் அடுத்து அவர்கள் என்ன சொல்வார்கள் என்பதும் தெரியும்.

சாக்லேட் கொடுக்காதீர்கள், தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள், அடிக்காதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது எந்த நாய்க்கும் பொருந்தும். இந்த இனத்துக்கென்றே சில தவறுகள் இருக்கின்றன. அவை மட்டும் இங்கே.

நிறத்தைப் பார்த்து வாங்குவது

சாம்பலில் கறுப்புத் திட்டுத் திட்டாக வரும் 'மெர்ல்' நிறத்துக்கும் நீலக் கண்ணுக்கும் நம்மூரில் தனி விலை. விலை இருப்பதால், தாய் தகப்பன் இரண்டுமே மெர்லாக இருக்கும்படி இணை சேர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிப் பிறக்கும் குட்டிகளில் சராசரியாக நான்கில் ஒன்றுக்கு அந்த மரபணு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்துவிடும். அவற்றில் பல காது கேளாமலோ கண் தெரியாமலோ பிறக்கும். உடம்பில் வெள்ளை மிக அதிகமாக இருக்கும் மெர்ல் குட்டியை 'ரேர்' என்று சொல்லி விற்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கே.சி.ஐ. (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) சான்றிதழ் வம்சாவளியைச் சொல்லும், குணத்தைச் சொல்லாது. தாயையாவது நேரில் பாருங்கள். புதிய ஆள் வந்ததும் கொஞ்ச நேரத்தில் அமைதியாகப் படுக்கிறதா, அல்லது கூண்டுக்குள் வட்டமடித்துக்கொண்டே இருக்கிறதா? எந்தக் காகிதத்தைவிடவும் எனக்கு இது முக்கியம். பெற்றோருக்கு இடுப்பு எக்ஸ்ரே, கண் பரிசோதனை எல்லாம் செய்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். கேள்வியே புரியாத மாதிரி விழித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

காவலுக்கு வாங்குவது

வேண்டாம். ராஜபாளையம், கோம்பை எல்லாம் எதற்கு இருக்கின்றன?

பந்து எறிந்து எறிந்து களைப்பாக்குவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருகிற தவறு இதுதான். ஏனென்றால் இது சோம்பேறிகள் செய்வதில்லை. நாய்மீது உயிரை வைத்திருப்பவர்கள்தான் செய்கிறார்கள்.

அவர்கள் கணக்கு எளிது. நாய்க்குச் சக்தி அதிகம், ஓடினால் சக்தி தீரும், தீர்ந்தால் தூங்கும். ஆகவே பந்து. முதல் வாரம் இது வேலையும் செய்யும். கால் மணி நேரம் எறிந்தால் குட்டி சுருண்டுவிடும். அடுத்த மாதம் அரை மணி நேரம் தேவைப்படும், அதற்கப்புறம் ஒரு மணி நேரம். தினமும் பயிற்சி பெறும் உடம்பு பலப்படத்தானே செய்யும்? நாயைக் களைப்பாக்குவதாக நினைத்துக்கொண்டு, களைக்கவே தெரியாத ஓட்டக்காரனைத் தயார் செய்கிறோம்.

உடம்பு ஒரு பக்கம். மனசுக்கு நடப்பது அதைவிட மோசம். ஏன் என்று புரிய, இந்த நாய் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். நாயின் வேட்டைக்கு ஒரு வரிசை உண்டு: கண்டுபிடிப்பது, உற்றுப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது. சிப்பிப்பாறை முயலைத் துரத்தும், பிடிக்கும், அதோடு கதை முடிந்தது. வீட்டுக்கு வந்தால் நிழலில் கிடக்கும். இங்கிலாந்து ஸ்காட்லாந்து எல்லையில் ஆடு மேய்த்தவர்கள் தங்கள் நாய்களிடம் இந்த வரிசையின் நடுப்பகுதியை மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினார்கள். உற்றுப் பார்ப்பதும் பதுங்குவதும் துரத்துவதும் வளர்ந்தன, கவ்வுவதும் கொல்வதும் மங்கின. பார்டர் கோலிக்குத் துரத்துவதே பரிசு. அந்த வரிசைக்கு அதனிடம் இயல்பான முடிவு என்று ஒன்று கிடையாது.

அப்படியானால் மலைச்சரிவில் நாள் முழுக்க ஓடிய நாய் எப்படி நின்றது? மேய்ப்பவர் நிறுத்தினார். இன்றைய பார்டர் கோலிகள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் மூதாதையாகச் சொல்லப்படும் ஓல்ட் ஹெம்ப், 1893-இல் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் பிறந்தது. சத்தம் போடாமல், பாயாமல், கண்ணாலேயே ஆடுகளை நகர்த்தியதால்தான் அதற்கு அத்தனை மதிப்பு. 1906-இல் தொடங்கப்பட்ட சர்வதேச ஆட்டுநாய்ச் சங்கத்தின் விதிகளில் இன்றும் போட்டி நடக்கிறது. மந்தைக்குள் பாய்ந்து ஆடுகளைக் கலைத்தால் மதிப்பெண் போகும், கடித்தால் வெளியேற்றிவிடுவார்கள். அகலமாகச் சுற்றிப்போய், மெதுவாக நெருங்கி, 'லை டவுன்' என்றால் அந்த இடத்திலேயே படுத்து, 'தட்'ல் டூ' (That'll do, அதாவது 'போதும்') என்றால் வேலையை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும். அந்த மேய்ப்பர்கள் ஓட்டத்துக்காக மட்டும் நாயைப் பொறுக்கவில்லை. ஓடும்போதே நிற்கத் தெரிந்த நாயைத்தான் பொறுக்கினார்கள்.

பந்து எறிகிறவர் இதில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார். துரத்து, துரத்து, துரத்து. நிறுத்துபவர் யாரும் இல்லை.

கோவையில் ஒரு வீடு. மகன் வேலைக்குப் போய்விட, ஓய்வுபெற்ற அப்பாதான் நாயைப் பார்த்துக்கொண்டார். காலையும் மாலையும் மொட்டை மாடியில் பந்து. அவருக்குத் தோள்பட்டை வலி வந்ததும், பந்தை வீசுவதற்கென்றே இருக்கும் பிளாஸ்டிக் கரண்டியை மகன் ஆன்லைனில் வாங்கிக் கொடுத்துவிட்டான். இப்போது இன்னும் தூரம், இன்னும் வேகம். சிமென்ட் தரையில் பந்துக்காகச் சடாரெனத் திரும்பியதில் பின்னங்காலின் முழங்கால் தசைநார் அறுந்தது. அறுவை சிகிச்சைக்கு ஆன செலவு குட்டியின் விலையைத் தாண்டியது. அதைக்கூட விடுங்கள். கட்டுப்போட்டு அறையில் வைத்திருந்த வாரங்களில் நாய் சுவரில் சுற்றும் ஃபேன் நிழலைத் துரத்தத் தொடங்கியது. கால் ஆறியது. நிழல் விடவில்லை. சாப்பாட்டுத் தட்டில் பட்டுக் கூரையில் ஆடும் வெளிச்சம், கைக்கடிகாரத்தின் மினுக்கு, எதைப் பார்த்தாலும் உறைந்து நிற்கும், அப்புறம் பாயும். அதைச் சரிசெய்ய மருந்தும் பயிற்சியும் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இன்றும் அந்த வீட்டில் மதியவேளையில் திரைச்சீலையை மூடித்தான் வைக்கிறார்கள். "நல்லா ஓடவிட்டோமே சார், அதுதானே இந்த ஜாதிக்கு வேணும்னு சொன்னாங்க" என்று அந்தப் பெரியவர் கேட்டபோது எனக்குக் கோபம் அவர்மேல் வரவில்லை. அப்படிச் சொல்லி விற்றவர்மேல் வந்தது.

லேசர் விளக்கைக் காட்டித் துரத்தவிடுவது இதன் இன்னும் மோசமான வடிவம். பிடிக்கவே முடியாத ஒன்றைத் துரத்தச் சொல்கிறோம். அந்த விளக்கு வீட்டில் இருந்தால் இன்றே தூக்கிப் போடுங்கள்.

சரி, அப்போது என்னதான் செய்வது?

பந்தை அடியோடு ஒழிக்கச் சொல்லவில்லை. நாலைந்து எறிகளோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு எறிக்கும் முன்னால் நாய் படுத்து, உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். எறிந்த பந்து உருண்டு நின்ற பிறகு அனுப்புங்கள். கடைசியில் 'போதும்' என்று சொல்லிப் பந்தை அலமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள். கண்ணுக்குத் தெரியும்படி ஃப்ரிட்ஜ் மேல் வைக்காதீர்கள், நாய் ஃப்ரிட்ஜைப் பார்த்துக்கொண்டே அன்றைய பொழுதைக் கழிக்கும். ஏற்கெனவே பந்துப் பைத்தியம் பிடித்த நாயாக இருந்தால் முதல் ஒன்றிரண்டு வாரம் வீட்டை இரண்டாக்கும். விட்டுக்கொடுத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

வாக்கிங்கில் பாதி நேரம் அது மோப்பம் பிடிக்கட்டும். ஐந்து மீட்டர் கயிறு வாங்கி, ஒரு காலி மனையில் அதன் போக்கில் விடுங்கள். புல்லில் தலையைக் கவிழ்த்து இருபது நிமிடம் மோந்துவிட்டு வந்த நாய், ஒரு மணி நேரம் பந்து துரத்திய நாயைவிட நன்றாகத் தூங்கும். தினசரித் தீனியில் பாதியைக் கிண்ணத்தில் போடாமல் புல்லில் தூவுங்கள், அல்லது பழைய துண்டில் சுருட்டிக் கொடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், சும்மா இருக்கக் கற்றுக்கொடுப்பது. ஒரு பழைய பாயோ சாக்கோ போதும். நாய் தானாகப் போய் அதில் படுக்கும்போதெல்லாம், பேசாமல், கொஞ்சாமல், ஒரே ஒரு தீனித் துண்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு நகருங்கள். குதிக்கும்போது கவனிக்கிறோம், அமைதியாக இருக்கும்போது 'அப்பாடா' என்று மறந்துவிடுகிறோம். நாய் கணக்கு வைத்துக்கொள்ளாதா? குட்டிக்கு ஒரு நாளில் 16 முதல் 18 மணி நேரத் தூக்கம் தேவை. மாலையில் பேய் பிடித்தமாதிரி கடித்துக்கொண்டு ஓடும் குட்டிக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது தூக்கம்தான், இன்னொரு ரவுண்டு ஓட்டம் அல்ல.

மூளைக்கு வேலை கொடு என்று படித்துவிட்டுச் சிலர் அதிலும் வெறி பிடித்து இறங்குவார்கள். அமெரிக்காவில் ஜான் பில்லி என்ற ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர் சேசர் என்ற பார்டர் கோலிக்கு 1,022 பொம்மைகளின் பெயர்களைக் கற்றுக்கொடுத்தார். மூன்று ஆண்டுகள், நாளுக்கு நான்கைந்து மணி நேரம். அவர் ஓய்வுபெற்றவர். உங்கள் வீட்டு நாய்க்கு ஐந்து பொம்மைகளின் பெயர் தெரிந்தால் போதும்.

வண்டியை உற்றுப் பார்ப்பதை ரசிப்பது

மூன்று மாதக் குட்டி கேட்டருகே பதுங்கி, போகிற பைக்கை உற்றுப் பார்க்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ரீல்ஸ் போட்டால் லைக் அள்ளும். ஆறு மாதம் கழித்து அதே நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு டயருக்கு அடியில் பாயும். உற்றுப் பார்ப்பது தொடங்கிய கணத்திலேயே குறுக்கே போய் நின்று, பெயர் சொல்லி அழைத்து, திரும்பிப் பார்த்ததும் தீனி கொடுங்கள். பாய்ந்த பிறகு கூப்பிட்டால் காதில் விழாது. ஓடும் குழந்தைகளின் குதிகாலைக் கவ்வுவதும் இதே கதைதான். 'விளையாடுது' என்று விடாதீர்கள்.

இன்னொன்று. தெருநாய்கள் இந்தப் பார்வையைச் சவாலாக எடுத்துக்கொள்ளும். உங்கள் நாய் குரைக்கவே இல்லை, ஆனாலும் தெருவில் தினமும் சண்டை வருகிறது என்றால் அதன் கண்ணைக் கவனியுங்கள்.

கோடைக்கு மொட்டை அடிப்பது

அடிக்காதீர்கள். வெளிமுடி, உள்முடி என்ற அந்த இரட்டை ரோமம் வெயிலையும் தடுக்கிறது. உதிர்ந்த உள்முடியைச் சீப்பால் எடுத்தால் போதும்.

நாய் நிற்காததால் அதற்குச் சூடு இல்லை என்று நினைப்பது

லேப்ரடார் சூடு தாங்காவிட்டால் பெரும்பாலும் நடுரோட்டில் படுத்துவிடும். இது விழும்வரை ஓடும். கடும் ஓட்டத்தில் ஐந்து முதல் பதினைந்து நிமிடத்திலேயே தள்ளாடி, கண் சொருகி, பின்கால் இழுபடும் ஒரு கோளாறு இந்த இனத்தில் உண்டு. பெயரே பார்டர் கோலி கொலாப்ஸ். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தெளிந்துவிடும் என்பதால் 'தலைசுற்றல்' என்று விட்டுவிடுகிறார்கள். ஒருமுறை வந்தால் கடும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

சென்னைப் புழுக்கத்தில் மூச்சிரைத்தும் நாயின் சூடு சரியாக வெளியேறாது. மே மாதத்தில் வாக்கிங் என்றால் விடிவதற்கு முன் மட்டும்தான். மாலை ஆறு மணிக்கும் தார் சுடும், புறங்கையை வைத்துப் பாருங்கள். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் ஆபத்து. முதலில் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, காற்றுப் படும்படி வைத்துக் குளிர்வியுங்கள், அப்புறம் வண்டியில் ஏற்றுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி ஆட்டோவில் உட்கார வைத்தால் சூடு உள்ளேயேதான் இருக்கும்.

உண்ணிக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஊசி போடுவது

உண்ணி என்றதும் ஐவர்மெக்டின் ஊசி போடும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. கோலி வகை நாய்கள் சிலவற்றில் எம்.டி.ஆர்.1 என்ற மரபணுக் குறை உண்டு. அது இருந்தால் இந்த மருந்து மூளைக்குள் தேங்கி, தள்ளாட்டம், வலிப்பு, மயக்கம், சில நேரம் மரணம்வரை போகும். நீள்முடிக் கோலியில்தான் இந்தக் குறை அதிகம், பார்டர் கோலியில் அரிது. ஆனால் நம்மூர்க் குட்டிகளின் பாட்டன் பூட்டன் யார் என்று யாருக்கு உறுதியாகத் தெரியும்? கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சால் துடைத்து எடுத்தே பரிசோதித்துவிடலாம். இதயப்புழுத் தடுப்பு மாத்திரையில் இருக்கும் ஐவர்மெக்டின் மிகக் குறைவு. சொறிக்கும் உண்ணிக்கும் கொடுக்கும் அளவு அதைப்போல 50 மடங்கும் அதற்கு மேலும் போகும். 'மாத்திரை ஒத்துக்கொண்டதே' என்பது காரணமாகாது.

நெக்ஸ்கார்டு, பிராவெக்டோ போன்ற மெல்லும் மாத்திரைகள் நல்ல மாற்று. ஆனால் பார்டர் கோலியில் காக்காய்வலிப்பு வரும் பரம்பரைகளும் உண்டு. இந்த வகை மாத்திரைகளால் சில நாய்களுக்கு வலிப்பு வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரித்தது. உங்கள் நாய்க்கு ஒருமுறையாவது வலிப்பு வந்திருந்தால் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லுங்கள்.

துணைக்கு இன்னொரு நாய்

அப்புறம் இரண்டும் அடங்காது.

தீபாவளியன்று யோசிப்பது

இந்த இனத்துக்குச் சத்தம் ஆகாது. முதல் வெடிக்கு அலமாரிக்குப் பின்னால் புகுந்த நாய் கார்த்திகைவரை சரியாகச் சாப்பிடாமல் கிடப்பதும் உண்டு. ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள், அவர் தரும் மருந்தைச் சத்தமில்லாத ஒருநாளில் கொடுத்து ஒத்துக்கொள்கிறதா என்று சோதியுங்கள். அசெப்ரோமசின் என்ற மயக்க மருந்தை மட்டும் கொடுப்பதென்றால் மறுத்துக் கேளுங்கள். அது உடம்பை அசையவிடாது, பயம் உள்ளே அப்படியே இருக்கும். கழுத்துப்பட்டையில் உங்கள் போன் எண் எழுதிய தகடு இருக்கட்டும். அந்த வாரம் மொட்டை மாடிக் கதவைப் பூட்டியே வையுங்கள்.