அணையும் தறுவாயில் ஒரு கங்கு: நிதானமாகப் பைப் பிடிக்கும் முறை

பைப் வாங்கிய முதல் வாரத்தில் வரும் புகார், "அணைஞ்சுக்கிட்டே இருக்கு." அடுத்த வாரம், "நாக்கு எரியுது." இரண்டுக்கும் வேர் ஒன்றே. அணைந்துவிடுமோ என்ற பயத்தில் விடாமல் இழுக்கிறார்கள். இழுக்க இழுக்கப் புகையிலை எரியும் கிண்ணம் சூடேறுகிறது, நாக்கு வெந்துபோகிறது. சிகரெட்டைக் கையில் சும்மா வைத்திருந்தாலும் எரிந்துகொண்டே போகும். பைப் அப்படியில்லை, உள்ளே இருக்கும் கங்கை அணையும் தறுவாயிலேயே வைத்திருக்க வேண்டும். வித்தை முழுக்க அதில்தான்.

பைப் மன்றங்கள் நடத்தும் சர்வதேசப் போட்டிகளின் விதியைப் பார்த்தால் இது புரியும். ஆளுக்கு 3 கிராம் புகையிலை. திணிக்க 5 நிமிடம், பற்றவைக்க 2 தீக்குச்சியும் 1 நிமிடமும். அதன்பின் மறுபடி பற்றவைக்கக் கூடாது, கடைசியாக யாருடையது அணைகிறதோ அவர் வென்றவர். அந்த 3 கிராமை 3 மணி நேரத்துக்கு மேல் கொண்டுபோனவர்கள் உண்டு. நம் வீட்டுத் திண்ணையில் அந்தக் கட்டாயம் எதுவுமில்லை. ஒரு கிண்ணத்துக்கு மூன்று நான்கு முறை மறுபடி பற்றவைப்பது சகஜம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பைப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, வாயில் வைத்து விடுவதோடு சரி. அதனால் ஆபத்து இல்லை என்று நினைப்பது தவறு. நிக்கோட்டின் வாயின் உள்தோல் வழியாகவே உடம்பில் ஏறும். உதடு, நாக்கு, தொண்டைப் புற்றுநோய்கள் பைப் பிடிப்பவருக்கும் வரும். பழக்கம் இல்லாதவர் இதைப் படித்துத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே பிடிப்பவர் குறைவாக, நிதானமாகப் பிடிக்கத்தான் இது. வாயில் ஒரு புண்ணோ வெள்ளைத் திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் பைப்பைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

எந்தப் பைப்?

அகராதித் தமிழில் சுங்கான் என்று பெயர், இன்று எல்லோர் வாயிலும் பைப்தான். கிண்ணம், அதிலிருந்து நீளும் தண்டு, தண்டில் செருகும் வாய்க்குழல் என்று மூன்றே பாகம். நல்ல பைப்புகள் பெரும்பாலும் பிரையர் மரத்தில் செய்தவை. மத்தியதரைக் கடலோரம் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற புதர்ச்செடியின் அடியில், வேருக்கும் தண்டுக்கும் நடுவே, உருண்டு திரண்டிருக்கும் கட்டிதான் பிரையர். அதை வெட்டி, சாறும் கசப்பும் போகும்வரை வேகவைத்து, மாதக்கணக்கில் உலர்த்துவார்கள். சூட்டைத் தாங்கும், ஈரத்தையும் கொஞ்சம் உறிஞ்சும். பிரான்சின் சான் குளோத் என்ற மலையூர் 19ஆம் நூற்றாண்டிலிருந்து இந்தத் தொழிலுக்குப் பேர்போனது.

முதல் பைப்புக்கு அத்தனை செலவு வேண்டாம் என்பதே எங்கள் கட்சி. சோளக்கதிரிலிருந்து மணிகளை உதிர்த்தபின் மிஞ்சும் சக்கையைக் குடைந்து செய்த பைப் போதும். அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில் வாஷிங்டன் என்ற சிற்றூரில் 1869 முதல் செய்துவருகிறார்கள். விலை குறைவு, புதிதாக இருக்கும்போதே நன்றாக இழுக்கும். கற்றுக்கொள்ளும்போது கருகினாலும் மனம் பதறாது.

எதை வாங்கினாலும் கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். பைப் கிளீனரை, அதாவது பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பியை, வாய்க்குழல் வழியாக நுழையுங்கள். கிண்ணத்தின் அடியில் அது தலைகாட்ட வேண்டும். வளைந்த பைப்புகள் பலவற்றில் நடுவழியில் முட்டி நிற்கும். அப்படியானால் பிடிக்கும்போது ஈரத்தைத் துடைக்க வழியிருக்காது. எத்தனை அழகாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கிண்ணத்தின் உள்வாய் 19 முதல் 20 மில்லிமீட்டர், ஆழம் 35 முதல் 40 மில்லிமீட்டர் என்றால் நடுத்தர அளவு. இரண்டு மூன்று கிராம் பிடிக்கும், ஏறக்குறைய முக்கால் மணி நேரம் வரும்.

திணிப்பதற்கு முன்

டப்பாவிலிருந்து எடுத்த புகையிலை பெரும்பாலும் வேண்டியதைவிட ஈரமாகவே இருக்கும். ஒரு வெள்ளைத்தாளில் பரப்பி அரை மணி நேரம் விடுங்கள், மழைக்காலமென்றால் ஒரு மணி நேரம். பிறகு ஒரு சிட்டிகை எடுத்து விரலால் அழுத்திவிட்டு விடுங்கள். உருண்டையாக அப்படியே நின்றால் ஈரம். நொறுங்கினால் காய்ந்துவிட்டது. மெல்ல விரிந்து எழுந்தால் பதம். இந்தப் பதம் பார்க்கத் தெரிந்தால் நாக்கு எரிச்சலில் பாதி அங்கேயே தீர்ந்தது. ஈரப் புகையிலை எரியும்போது எழும் நீராவிதான் நாக்கைச் சுடுகிறது.

பழத்துண்டு, வெண்ணிலா மணம் சேர்த்த வகைகள் மூக்குக்குச் சுகம், பதம் பிடிப்பது கஷ்டம். வர்ஜீனியா இலையில் இயற்கையாகவே சர்க்கரை அதிகம், அவசரமாக இழுத்தால் கடிக்கும். தொடங்குகிறவருக்குப் பர்லி என்ற இலை சாந்தமானது. லட்டாக்கியா விறகுப் புகையில் உலர்த்திய இலை. அதன் மணம் பிடித்தவர்கள் விடமாட்டார்கள், பக்கத்து வீட்டார் பேசமாட்டார்கள். மீதிப் புகையிலையை இறுக்கமான மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் வையுங்கள். ஊறுகாய் இருந்த பாட்டிலை எத்தனை முறை கழுவினாலும் அதற்கு ஆகாது.

திணிப்பது மூன்று தவணை. முதலில் கிண்ணம் நிறையத் தளர்வாகத் தூவி, பாதிக்கு வரும்படி லேசாக அழுத்துங்கள். மறுபடி நிரப்பி, முக்கால் அளவுக்கு வரும்படி கொஞ்சம் அழுத்துங்கள். மூன்றாவது முறை குவித்துப் போட்டு, விளிம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி அழுத்துங்கள். முதலில் குழந்தையின் கை, அடுத்து பெண்ணின் கை, கடைசியில் ஆணின் கை என்று மேல்நாட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். அடியில் தளர்வு, மேலே இறுக்கம் என்பதே அதன் சாரம். தலைகீழாகிவிட்டால் காற்று அடியில் அடைபடும்.

இப்போது பற்றவைக்காமல் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். இளநீரை ஸ்ட்ராவில் உறிஞ்சும்போது இருக்கும் அளவுக்கு ஒரு சின்னத் தடை தெரிய வேண்டும். வழுக்கைத் தேங்காய் ஸ்ட்ராவில் மாட்டிக்கொண்டது போலிருந்தால் இறுக்கிவிட்டீர்கள். கம்பி விட்டுக் குத்தி ஒப்பேற்றாதீர்கள், கொட்டிவிட்டு மறுபடி திணியுங்கள். இரண்டு நிமிடச் சோம்பல் முக்கால் மணி நேரத்தைக் கெடுக்கும்.

இரண்டு முறை நெருப்பு

தீக்குச்சியை உரசியதும் வாயருகே கொண்டுபோகாதீர்கள். குச்சித்தலையின் மருந்து எரிந்து அடங்கட்டும், மரத்தில் நெருப்பு நின்றபின் கொண்டுபோங்கள். கிண்ணத்துக்கு மேலே நெருப்பை வட்டமாகச் சுற்றிக்கொண்டே நான்கைந்து முறை மெதுவாக இழுங்கள். புகையிலை சுருண்டு மேலே எழும்பும், பிறகு அணையும். இது பொய்த் தீ, அணையத்தான் வேண்டும். எழும்பியதை அழுத்தியால், அதாவது புகையிலையை அழுத்தும் சின்னக் கருவியால், சமப்படுத்துங்கள். அழுத்தி இல்லையென்றால் தட்டைத்தலை ஆணி போதும். அதன் எடை மட்டும் விழ வேண்டும், கைப்பலம் கூடாது. பிறகு இரண்டாவது தீ. இதுதான் நிற்கும்.

குட்டைத் தீக்குச்சி சீக்கிரம் விரலைச் சுடும், நீளக்குச்சி நல்லது. சீறியடிக்கும் ஜெட் லைட்டர் பக்கமே போகாதீர்கள், விளிம்பு கருகிவிடும். பெட்ரோல் லைட்டரில் முதல் சில இழுப்பில் எண்ணெய் வாடை.

பிறகு? ஒன்றும் செய்யாமல் இருக்கப் பழக வேண்டும். நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை, சுடச்சுட இருக்கும் காப்பியை உதட்டால் தொட்டுப் பார்ப்பது போல ஒரு சின்ன இழுப்பு. மூச்சு மூக்கு வழியாக வழக்கம்போல ஓடட்டும். புகை அடர்த்தியாக வர வேண்டும் என்று ஆசைப்பட்டால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். ருசி இருப்பது மெல்லிய புகையில்தான்.

அவசரத்தை அளக்கக் கருவி கையிலேயே இருக்கிறது. கிண்ணத்தைக் கன்னத்தில் வையுங்கள். இதமாக இருந்தால் சரி. வைக்க முடியாமல் சுட்டால் அப்படியே மேசையில் வைத்துவிடுங்கள். அணைந்தால் அணையட்டும். ஐந்து நிமிடம் கழித்து மேற்சாம்பலை லேசாக அழுத்திப் பற்றவைத்தால் முதலில் இருந்ததைவிட நன்றாகவே இருக்கும். கோபத்தோடு உட்கார்ந்தவர் கிண்ணத்தைக் கன்னம் தாங்காது. அதைப் பார்த்துத் தன் மனநிலையைத் தெரிந்துகொண்டவர்கள் பலர்.

காற்று வீசும் மொட்டை மாடி, நடந்துகொண்டே பிடிப்பது, வெறும் வயிறு, இந்த மூன்றும் ஆகாது. முதலிரண்டில் கங்கு கொதிக்கும். மூன்றாவதில் நிக்கோட்டின் சட்டென்று ஏறித் தலை சுற்றும், வியர்க்கும், உமட்டும். அப்படி ஆனால் உடனே நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள். படிப்பு, பாட்டு, கதை பேசாத நண்பர் என்று ஏதாவது ஒன்று பக்கத்தில் இருந்தால் கை சும்மா இருக்கும். குழந்தைகள் இருக்கும் அறை வேண்டவே வேண்டாம். இந்தியாவில் 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை இருக்கிறது, பைப்புக்கும் சேர்த்துத்தான்.

களகளவென்று சத்தம் வந்தால் தண்டில் நீர் கோத்திருக்கிறது. கிளீனரை வாய்க்குழல் வழியாக அடிவரை விட்டு, பத்து விநாடி வைத்து எடுங்கள். அதற்காகச் சூடாக இருக்கும்போது வாய்க்குழலைக் கழற்றினால் செருகும் இடம் தளரும், தண்டு விரியவும் கூடும்.

பிடித்து முடித்தபின்

ஆறிய பிறகு ஒரே பக்கமாகத் திருகிக் கழற்றுங்கள். உள்ளே ஒரு கிளீனர், சாம்பலைக் கொட்டிவிட்டுக் கிண்ணத்துக்கு ஒரு காகிதச் சுருள். அவ்வளவுதான் தினப்படி வேலை. புதுப் பிரையருக்கு முதல் பத்துப் பதினைந்து முறை அரைக்கிண்ணம் மட்டும் திணித்து அடிவரை எரியவிடுங்கள், உள்சுவரில் கரிப்படலம் பிடிக்கும். ஒரு மில்லிமீட்டர், அதிகம் போனால் ஒன்றரை. அதற்குமேல் ரீமரால், அதாவது கரியைச் சுரண்டும் கருவியால், சுரண்டிவிட வேண்டும். கரியும் மரமும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. படலம் தடித்தால் கிண்ணம் பிளக்கும். பேனாக்கத்தியால் சுரண்டினால் அடியில் குழி விழும்.

பழைய வாடை போகாவிட்டால், தண்டின் வாயைப் பஞ்சால் அடைத்து, கிண்ணத்தில் கல்லுப்பு நிரப்பி, ரம்மோ வோட்காவோ நனையும் அளவுக்குச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மறுநாள் உப்பு பழுப்பாகியிருக்கும். கொட்டித் துடைத்து மூன்று நாள் காயவிடுங்கள். தண்டுக்குள் உப்பு போனால் விரிசல் விழும். பெயிண்ட் கடை ஸ்பிரிட், தின்னர் இரண்டும் விஷம், தொடக் கூடாது. வெளிப்பூச்சில் மது படாமல் பாருங்கள், கரைந்துவிடும். துருக்கியின் எஸ்கிஷெஹிரில் தோண்டியெடுக்கும் மீர்ஷாம் கல்லில் செய்த பைப்புக்கு இந்த வைத்தியமே கிடையாது.

கறுப்பு ரப்பர் வாய்க்குழல் வெயிலில் கிடந்தால் பச்சை கலந்த பழுப்பாகி, வாயில் வைத்தால் கந்தகம் நாறும். ஜன்னலோரம் வேண்டாம். ஒருமுறை பிடித்த பைப்புக்கு இரண்டு நாள் ஓய்வு கொடுங்கள், கிண்ணம் கீழேயும் வாய்க்குழல் மேலேயும் இருக்கும்படி சாய்த்து. தண்டில் தங்கிய ஈரம் கிண்ணத்துக்கு இறங்கி உலர்ந்துவிடும்.