ஸ்கைரிமில் பார்வைக் கோணத்தைச் சரிசெய்வது எப்படி?

ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டைத் தொடங்கி அரை மணி நேரத்தில் தலை கனக்கிறதா, வயிற்றைப் புரட்டுகிறதா? குகைக்குள் நடக்கும்போது குழாய் வழியாகப் பார்ப்பது போலிருக்கிறதா? கிராஃபிக்ஸ் கார்டை மாற்ற யோசிக்கும் முன் ஒரே ஒரு எண்ணை மாற்றிப் பாருங்கள். எஃப்ஓவி எனப்படும் பார்வைக் கோணம்தான் அது. விளையாட்டு உலகில் எத்தனை டிகிரி அகலத்தைத் திரைக்குள் காட்டுவது என்பதை அது தீர்மானிக்கிறது.

2011-ல் வந்த முதல் ஸ்கைரிமில் இது 65 டிகிரி. இவ்வளவு குறுகிய கோணம் தொலைக்காட்சிக்குச் சரிவரும். 50 அங்குல டிவியை இரண்டரை மீட்டர் தள்ளி அமர்ந்து பார்த்தால், உங்கள் கண்ணுக்கு அந்தத் திரை ஏறக்குறைய 25 டிகிரிதான் அகலம். மேசையில் 24 அங்குல மானிட்டரை 60 சென்டிமீட்டர் தொலைவில் வைத்திருப்பவருக்கோ அது 48 டிகிரி, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மவுஸைக் கொஞ்சம் அசைத்தாலே காட்சி முழுவதும் கண்முன் விர்ரென்று ஓடும். பக்கவாட்டில் வாளோடு நிற்பவன் மட்டும் தெரியவே மாட்டான். சிலருக்குக் குமட்டல் வருவது இதனால்தான்.

கீழே உள்ள படிகள் 2016-ல் வந்த ஸ்பெஷல் எடிஷன் என்ற மறுபதிப்புக்கானவை.

படி 1: கன்சோலில் சோதித்துப் பாருங்கள்

ஃபைலில் கை வைக்க இப்போதே அவசரம் வேண்டாம். சேமித்த ஆட்டம் ஒன்றைத் திறந்து, பாத்திரத்தின் கண் வழியாகவே உலகைக் காட்டும் முதல் ஆள் பார்வைக்கு வாருங்கள். எஸ்கேப் விசைக்குக் கீழே, 1-க்கு இடப்பக்கம் உள்ள அலைக்கோட்டு (~) விசையை அழுத்தினால், கட்டளைகளைத் தட்டும் இடமான கன்சோல் திறக்கும். எஃப், ஓ, வி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துத் தட்டி, ஒரு இடைவெளி விட்டு, 85 என்று கொடுத்து என்டர் அழுத்துங்கள். அதே விசையால் கன்சோலை மூடினால் மாற்றம் தெரியும். கணினியில் தமிழ்99 போன்ற விசைப்பலகை ஓடிக்கொண்டிருந்தால் முதலில் ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுங்கள்.

85-ல் தொடங்கி ஐந்து ஐந்தாக ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு இடங்களில் சோதிப்பது முக்கியம். ஒன்று, ரிவர்வுட் ஊரின் ஸ்லீப்பிங் ஜயன்ட் விடுதி போன்ற நெருக்கமான அறை. குறுகிய கோணத்தின் தொல்லை அங்கேதான் தெரியும். இன்னொன்று, வைட்ரன் கோட்டைக்கு வெளியே உள்ள வெட்டவெளி. தொலைவில் வரும் ஓநாயை அடையாளம் காண முடிகிறதா என்று அங்கே பாருங்கள். ஒரு எண்ணோடு பதினைந்து நிமிடமாவது விளையாடுங்கள். குமட்டல் உடனே வராது, சற்று நேரம் கழித்துத்தான் வரும். இரண்டு நிமிடத்தில் எடுத்த முடிவு ஏமாற்றிவிடும்.

எவ்வளவு ஏற்றலாம்?

கோணம் கூடக்கூட நடுவில் உள்ள பொருள் சிறுத்துக்கொண்டே போகும். கிடைமட்டக் கோணம் 65-ஆக இருக்கும்போது திரை நடுவில் 100 பிக்சல் உயரம் தெரியும் எதிரி, 90-ல் சுமார் 64 பிக்சல்தான் இருப்பான், 110-ல் 45. வில்லாளியாக ஆடுகிறவர்கள் இந்தக் கணக்கை மறக்க வேண்டாம். ஓரங்களில் வேறொரு சிக்கல் உண்டு. தட்டையான திரையில் அகலமான காட்சியை விரிக்கும்போது, மூலையில் உள்ள தூணும் முகமும் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரியும். 100-ஐத் தாண்டினால் அது கண்ணை உறுத்தும். திரைக்குள் வரும் மரமும் வீடும் கூடுவதால் பழைய கணினியில் நொடிக்கு வரும் ஃபிரேம் எண்ணிக்கையும் இறங்கும்.

மேசையில் 24 அல்லது 27 அங்குல மானிட்டர் வைத்திருக்கும் பெரும்பாலானோருக்கு 80 முதல் 95 வரை போதும் என்பதே எங்கள் கருத்து. டிவியில் தொலைவிலிருந்து ஆடினால் 70, 75 போதும்.

படி 2: எண்ணை நிலையாகப் பதியுங்கள்

கன்சோலில் கொடுத்தது விளையாட்டை மூடினால் போய்விடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நிலையாக இருக்க அமைப்பு ஃபைலில் எழுத வேண்டும்.

விளையாட்டை முழுவதுமாக மூடுங்கள். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் ‘மை கேம்ஸ்’, அதற்குள் ‘ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன்’. ஜிஓஜி தளத்தில் வாங்கியவர்களுக்கு அந்தப் பெயரின் கடைசியில் ‘ஜிஓஜி’ என்றும் சேர்ந்திருக்கும். ஃபோல்டரே இல்லையென்றால் விளையாட்டை ஒருமுறை திறந்து மூடுங்கள், உருவாகிவிடும். உள்ளே ‘ஸ்கைரிம்’ என்றும் ‘ஸ்கைரிம்பிரிஃப்ஸ்’ என்றும் இரண்டு ஐஎன்ஐ ஃபைல்கள், அதாவது அமைப்பு ஃபைல்கள், இருக்கும். நமக்கு வேண்டியது முதலாவது. அதை நகலெடுத்து டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டு, அசலை நோட்பேடில் திறங்கள்.

சதுர அடைப்புக்குள் ‘டிஸ்ப்ளே’ என்றிருக்கும் தலைப்பைத் தேடுங்கள். அதற்கு நேர் கீழே இரண்டு வரிகள் சேர்க்க வேண்டும், இரண்டையும் ஆங்கில எழுத்தில், இடைவெளியே இல்லாமல். முதல் வரி: எஃப் என்ற ஒற்றை எழுத்து, அதோடு ஒட்டி டிஃபால்ட், வேர்ல்ட், எஃப்ஓவி, பிறகு சமக்குறி, 85 (fDefaultWorldFOV=85). இரண்டாவது வரியில் ‘வேர்ல்ட்’ இருந்த இடத்தில் ‘1எஸ்டி பெர்சன்’ என்பதைச் சேர்த்து எழுதுங்கள் (fDefault1stPersonFOV=85). 1 எண்ணாகவே இருக்க வேண்டும். இதே வரிகள் ஏற்கெனவே இருந்தால் புதிதாகச் சேர்க்காமல் எண்ணை மட்டும் மாற்றுங்கள். சேமித்து, விளையாட்டைத் திறங்கள்.

முதல் வரி உலகத்துக்கு. இரண்டாவது, முதல் ஆள் பார்வையில் தெரியும் உங்கள் கைக்கும் ஆயுதத்துக்கும். உலகம் அகலமாகவும் கை இயல்பான அளவிலும் வேண்டுமென்றால் முதல் எண்ணை 90 ஆக்கி, இரண்டாவதை 75 அல்லது 80-ல் நிறுத்தலாம். கையின் எண்ணை மிகவும் ஏற்றினால் வாள் குச்சி போலத் தொலைவில் தெரியும். முழங்கைக்குப் பின்னால் கை வெட்டுப்பட்ட இடமும் தெரிந்துவிடலாம்.

மாற்றியும் ஒன்றும் நடக்கவில்லையா?

பெரும்பாலும் தவறான ஃபைலைத் திருத்தியிருப்பீர்கள். விண்டோஸில் ஒன்டிரைவ் இயங்கினால் டாக்குமென்ட்ஸ் என்ற பெயரில் இரண்டு ஃபோல்டர்கள் இருக்க வாய்ப்புண்டு. விளையாட்டை ஒருமுறை திறந்து, மெனுவில் ஒலி அளவை மாற்றி, மூடுங்கள். எந்த ஃபோல்டரில் ‘பிரிஃப்ஸ்’ ஃபைலின் தேதியும் நேரமும் புதிதாகியிருக்கிறதோ, அதுதான் விளையாட்டு படிக்கும் ஃபோல்டர்.

மோட் எனப்படும் கூடுதல் மாற்றங்களை நிர்வகிக்கும் மோட் ஆர்கனைசர் 2 மென்பொருள் வழியாக விளையாடுகிறவர்களுக்கு இன்னொரு பொறி. அது ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனித்தனி ஐஎன்ஐ வைத்துக்கொள்ள முடியும். அந்த வசதி இயங்கும்போது டாக்குமென்ட்ஸில் என்ன எழுதினாலும் விளையாட்டு கண்டுகொள்ளாது. மோட் ஆர்கனைசரின் உள்ளேயே ஐஎன்ஐ எடிட்டரைத் திறந்து அதே இரண்டு வரிகளை அங்கே எழுதுங்கள்.

ஃபைல் சரியாக இருந்தும் பலன் இல்லையென்றால் வரியைப் பாருங்கள். ‘டிஸ்ப்ளே’ தலைப்பு இரண்டு முறை வந்திருக்கலாம்; வரிகள் வேறொரு தலைப்பின் கீழ் போயிருக்கலாம்; நோட்பேட் சேமிக்கும்போது பெயரின் கடைசியில் டிஎக்ஸ்டி ஒட்டியிருக்கலாம். ஃபைல் பெயரின் பின்னொட்டைக் காட்டும்படி விண்டோஸில் அமைத்துவிட்டால் கடைசித் தவறு உடனே கண்ணில் படும்.

வில்லை இழுத்துக் குறிபார்க்கும்போது ஈகிள் ஐ என்ற வில்வித்தைத் திறன் கோணத்தைத் தற்காலிகமாகக் குறைக்கும். அது பிழையல்ல. பாத்திரத்தைப் பின்னாலிருந்து காட்டும் மூன்றாம் ஆள் பார்வையில் மவுஸ் சக்கரத்தைச் சுழற்றினால் கேமரா முன்னும் பின்னும் நகரும், கோணம் மாறாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு எண்ணை ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் நிறையப் பேர்.

வேறு விளையாட்டின் எண்ணை இங்கே அப்படியே கொண்டுவராதீர்கள். சில விளையாட்டுகள் கிடைமட்டக் கோணத்தைக் கேட்கும், சில செங்குத்துக் கோணத்தை. 16:9 திரையில் கிடைமட்டம் 90 என்றால் செங்குத்து 59 கூட இல்லை. அதே செங்குத்துக் கோணம் 2560×1080 அகலத் திரையில் கிடைமட்டமாக 106 ஆகிவிடும். நண்பரின் எண் உங்களுக்கு ஒத்துவரவில்லையென்றால், முதலில் அவருடைய திரையின் அளவையும் அவர் எவ்வளவு தள்ளி உட்காருகிறார் என்பதையும் கேளுங்கள்.