மாருதி 800 பின் சக்கர பேரிங்: வீட்டிலேயே மாற்றும் முறை

நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் பின்பக்கம் 'ஊ…ங்' என்று ஒரு இரைச்சல் கிளம்பி, வேகத்தோடு சேர்ந்து ஏறுகிறதா? பேரிங் (சக்கரம் உரசாமல் சுழல உதவும் குண்டு வளையம்) என்று முடிவு கட்டுமுன் டயரைச் சந்தேகியுங்கள். மேடு பள்ளமாகத் தேய்ந்த டயரும் இதே ராகம்தான் பாடும். முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றி ஓட்டிப் பாருங்கள். சத்தமும் இடம் மாறினால் டயர். மாறாவிட்டால் பேரிங். வண்டியை இடப்பக்கம் வளைத்தால் பாரம் வலச் சக்கரத்தில் விழும். அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலப்பக்க பேரிங்தான்.

உறுதிப்படுத்த, சக்கரத்தைத் தூக்கி, ஒரு கையால் சுற்றிக்கொண்டே மறு கையை காயில் ஸ்பிரிங் மேல் வையுங்கள். நல்ல பேரிங் என்றால் ஸ்பிரிங்கில் ஒன்றும் தெரியாது. கெட்டது என்றால் மணலை அரைப்பது போன்ற நறநறப்பு விரல் நுனிக்கு வரும். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் 'டக் டக்' என்றால் ரொம்ப தூரம் போய்விட்டது.

இந்த வண்டியில் பேரிங் பிரேக் டிரம்முக்குள்ளேயே இருக்கிறது: உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, நடுவில் இரண்டுக்கும் இடைவெளி காக்கும் ஸ்பேஸர் குழாய், உள்பக்கம் கிரீஸ் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல். ஒரு பேரிங்தான் போயிருந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள். சீலும், நடு நட்டு கழலாமல் காக்கும் ஸ்பிளிட் பின்னும் புதிதாக வேண்டும். பழையதை நிமிர்த்திப் போடாதீர்கள். பேரிங்கின் விளிம்பில் பொறித்த எண்ணைக் கடைசி எழுத்து வரை ஒத்துப் பார்த்து வாங்குங்கள். எண்ணுக்குப் பின் சி3 என்று இருந்தால் உள் இடைவெளி கூடுதல் என்று பொருள்; அதை விட்டுவிட்டு வாங்கக் கூடாது.

முன் சக்கரங்கள் இரண்டுக்கும் கட்டை கொடுங்கள். கிரீஸ் மூடியைச் சுற்றிலும் தட்டிக் கழற்றி, ஸ்பிளிட் பின்னை உருவி, நடு நட்டையும் வீல் நட்டுகளையும் வண்டி தரையில் நிற்கும்போதே இளக்குங்கள். ஜாக்கியில் தொங்கும் வண்டியில் நீளக் கம்பி போட்டு இழுப்பது உயிரோடு விளையாட்டு. பிறகு தூக்கி, ஸ்டாண்டில் உட்காரவைத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவியுங்கள். பிரேக் ஷூ விரிந்திருந்தால் டிரம் அசையாது. சக்கரத்தையும் நடு நட்டையும் கழற்றிவிட்டு டிரம்மை இழுங்கள்.

அப்படியும் வராவிட்டால் சக்கரத்தைத் திருப்பி மாட்டி, வீல் நட்டை நாலைந்து சுற்று மட்டும் ஏற்றி, இரு கையாலும் நேராக வெடுக்கென்று இழுங்கள். வந்ததும் உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். சில நேரம் உள் பேரிங்கின் உள்வளையம் மட்டும் ஸ்பிண்டிலிலேயே (டிரம் சுழலும் தண்டிலேயே) தங்கிவிடும். அதற்கு இழுத்துக் கழற்றும் புல்லர் கருவிதான், உளியால் கொத்தினால் ஸ்பிண்டிலில் தழும்பு விழும்.

சீலை நெம்பி எடுத்து, ஸ்பேஸரை ஓரம் தள்ளி, பித்தளை 'பஞ்ச்' கம்பியால் எதிரெதிர்ப் புள்ளிகளில் மாற்றி மாற்றித் தட்டி பேரிங்கை வெளியேற்றுங்கள். டிரம்மின் துளையைத் துடைத்துப் பாருங்கள். பளபளவென்று தேய்ந்திருந்தால் பழைய பேரிங்கின் வெளிவளையம் உள்ளேயே சுழன்றிருக்கிறது. புதியது அதில் நிற்காது. டிரம்மே மாற்ற வேண்டும். துளையைச் சுற்றி 'பஞ்ச்' கம்பியால் குத்திப் புள்ளி வைத்து இறுக்குவார்கள் சிலர். அது ஒரு மாத வைத்தியம்.

இனிதான் காரியமே கெடும் இடம். புது பேரிங்கை உறையைப் பிரிக்காமல் இரவு முழுக்க ஃப்ரீசரில் வையுங்கள். டிரம்மை நல்ல வெயிலில் காயவிடுங்கள். நாற்பது மில்லிமீட்டர் துளை அறுபது டிகிரி வெப்பம் ஏறினால் 0.025 மில்லிமீட்டர்தான் விரியும். ஆனால் இறுக்கிப் பிடிக்கும் பொருத்தத்தில் அதுவே பெரிய உதவி.

அடியெல்லாம் வெளிவளையத்தின் மேல்தான் விழ வேண்டும். உள்வளையத்தில் அடித்தால் அந்த அதிர்ச்சி குண்டுகள் வழியாகப் போய்ப் பாதையில் குழி போடும்; கண்ணுக்குத் தெரியாது, முதல் நாளே சத்தம் வரும். பழைய பேரிங்கின் வெளிவளையத்தை வெளிப்பக்கம் லேசாகத் தேய்த்துச் சிறிதாக்கினால் அதையே அச்சாக வைத்துத் தட்டலாம். 'தொப் தொப்' என்ற சத்தம் 'ணங்' என்று மாறும்போது பேரிங் உட்கார்ந்துவிட்டது. கையில் நம்பிக்கை இல்லாவிட்டால் டிரம்மை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் பிரஸ்ஸில் அழுத்தி வாங்கிவருவதே புத்திசாலித்தனம்.

சீல் உள்ள முகம் இரண்டு பேரிங்கிலும் வெளிநோக்கி இருக்க வேண்டும். இரண்டாவதைப் போடுமுன் ஸ்பேஸரை வைத்துவிட்டீர்களா? மறந்தால், நட்டை இறுக்கும்போது பாரம் முழுக்கக் குண்டுகளில் ஏறி, பேரிங் சீக்கிரமே சூடாகிச் செத்துவிடும். இரண்டு பேரிங்குக்கும் நடுவில் உள்ள இடத்தில் பாதிக்கும் குறைவாகவே வீல் பேரிங் கிரீஸ் வையுங்கள். திணித்தால் சூட்டில் இளகிச் சீலைத் தாண்டி பிரேக் ஷூவுக்கு வந்துவிடும். கிரீஸ் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

புது சீலைப் பொருத்தி, அதன் உதட்டில் கிரீஸ் தடவி டிரம்மை ஏற்றுங்கள். நட்டை உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) இறுக்குங்கள். ஸ்பிளிட் பின்னுக்கான துளை நேராக வராவிட்டால் நட்டைத் தளர்த்தாமல் அதன் அடுத்த வெட்டுக்கு இறுக்கி, புது ஸ்பிளிட் பின்னைப் போட்டு, சக்கரத்தை மாட்டுங்கள். பிரேக் பெடலைப் பலமுறை மிதித்து, ஹேண்ட்பிரேக்கைச் சரிபார்த்த பிறகே கிளம்புங்கள்.

பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, புறங்கையை இரண்டு பின் சக்கரங்களின் நடு மூடிக்கு அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். மாற்றிய பக்கம் மட்டும் கொதித்தால் ஸ்பேஸரையோ ஷூ உரசலையோ பார்க்க மறுபடி கழற்ற வேண்டியதுதான். சூடு சமமாக இருந்தால் வீல் நட்டை மட்டும் ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிடுங்கள்.